விசாலாக்ஷியின் காகிதப் பஞ்சாபகேசன்

விசாலாக்ஷியின் வீட்டில் பிரஷ் கிடையாது. பெயிண்ட் டப்பா கிடையாது. ஒரே ஒரு கத்தரிக்கோல் உண்டு, அதுவும் பால் பாக்கெட்டின் முனையை வெட்டுவதற்கு. ஆனாலும் மந்தைவெளியில் அந்த வீட்டுக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவர்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இந்தப் படமெல்லாம் யார் வரைஞ்சா?"

"யாரும் வரையலை. நான் கிழிச்சு ஒட்டினேன்" என்பாள் விசாலாக்ஷி.

ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குச் சுரீரென்று கோபம் வரும். "சிரிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? கிட்ட வாங்கோ, தொட்டுப் பாருங்கோ" என்று சுவரோரமாகத் தள்ளிக்கொண்டே போய்விடுவாள். மாட வீதியில் கீரை விற்கிறவளின் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் சிரித்த வாய் மூடும். கன்னம் முழுக்க நகத்தளவு காகிதத் துண்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். இரண்டடி தள்ளி நின்றால் எண்ணெய் வண்ணம் என்று சத்தியம் பண்ணலாம்.

அந்த வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. முன்னறையில் அவள் நடத்தியது ஒரு சர்குலேஷன் லைப்ரரி. மாதச் சந்தா கட்டினால் வாரப் பத்திரிகைகள் எல்லாம் முறை வைத்து வீட்டுக்கு வரும். இரண்டு நாள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அம்பத்தூரில் வேலை பார்த்த கம்பெனிக்கு எண்பத்துநாலில் பூட்டுப் போட்ட பிறகு, அவள் கணவர் ஸ்ரீரங்கன்தான் சைக்கிளில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டார். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆர்.ஏ.புரம் என்று தொண்ணூறு வீடு. ஒரு காலத்தில் சூப்பர்வைசராக இருந்த மனிதர், வாசலில் நின்று மணியடித்து, "புக்ஸ்" என்று சொல்லிவிட்டு நிற்பார். அது அவருக்கு எத்தனை கசந்தது என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விசாலாக்ஷி ஒட்ட ஆரம்பித்ததும் லைப்ரரியால்தான். நாற்பது வீடு சுற்றி வருகிற பத்திரிகை கிழியாமல் திரும்பி வருமா? ஒருவர் வீட்டுக் குழந்தை அட்டையில் இருக்கும் பெண்ணின் கன்னத்தைப் பிய்த்துவிட்டது. அடுத்த வீட்டுக்கு இப்படியே அனுப்பினால் சண்டைக்கு வருவார்கள். காப்பிப் பொடி விளம்பரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, மைதாப் பசை தடவி, அந்தக் கன்னத்தில் ஒட்டி அனுப்பினாள். முப்பது வீட்டுக்குப் போய்விட்டு வந்தது. ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. திரும்பி வந்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பிப் பொடியைக் கன்னம் என்று முப்பது வீட்டை நம்ப வைத்திருக்கிறோமே என்று அன்றைக்கு அவளுக்கு ஒரே குஷி.

அதிலிருந்து பிடித்தது. முறை முடிந்து எடைக்குப் போக வேண்டிய பத்திரிகைகளில் நிறம் தேட ஆரம்பித்தாள். கத்தரிக்கோலைத் தொடவில்லை. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் மெல்லியதாக வெள்ளை விளிம்பு விழும். எதிர்ப்பக்கம் தள்ளிக் கிழித்தால் விழாது. வெளிச்சம் படுகிற இடத்துக்கு இழுத்துக் கிழித்தாள், நிழலுக்குத் தள்ளிக் கிழித்தாள். மூக்கின் நுனியில் மினுங்குகிற பளபளப்புகூட அப்படி விழுந்த ஒரு விளிம்புதான். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினாள், கரப்பான் அண்டாமல் இருக்க. போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பசை அது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மந்தைவெளி மார்க்கெட்டில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த ஷரஃபுதீன்.

ஆரம்பத்தில் நல்ல நீலமே கிடைக்காது. எண்பதுகளின் பத்திரிகையில் வானம்கூடச் சாம்பல் நிறமாகத்தான் அச்சாகும். தொண்ணூற்று ஒன்றுக்கு அப்புறம் காருக்கும் டிவிக்கும் விமானக் கம்பெனிக்கும் முழுப்பக்க விளம்பரம் வந்தது பாருங்கள், அதிலிருந்து நீலமாகக் கொட்டியது. தலைமுடிக்குக் கூந்தல் தைல விளம்பரம். வேட்டிக்குப் பால் பவுடர் டப்பாவின் வெள்ளை. மனித உடம்பின் நிறம்தான் படுத்தி எடுத்தது. சினிமா நடிகைகளின் முகத்தில் ரோஸ் பவுடர் அப்பியிருக்கும், ஒன்றுக்கும் உதவாது. உண்மையான மாநிறம் வேண்டுமென்றால் அவர்களின் இடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஷரஃபுதீன் சினிமாப் பத்திரிகையாகப் பார்த்து அவளுக்கென்று தனியாகக் கட்டி வைப்பார்.

"இன்னா மாமி, இந்த வாரம் பத்து இடுப்பு கீது, போதுமா?" என்று கடைவாசலில் நின்று அவர் கேட்கும்போது, பக்கத்தில் தேங்காய் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"மெதுவாப் பேசுங்கோ பாய்" என்று சிரித்துக்கொண்டே கட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள்.

ஸ்ரீரங்கனுக்கு இதில் ஒரு ஒட்டுதலும் இல்லை. "படம் போடணும்னா பெயிண்ட் வாங்கிப் போடேன். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? இது என்ன குப்பையைக் கிழிச்சு ஒட்டிண்டு? சந்தாதாரா கேட்டா நேக்கு பதில் சொல்லத் தெரியலை."

"பெயிண்ட்டால பெயிண்ட்டிங் பண்றது ஊர்ல ஆயிரம் பேர் பண்றா. நேக்கு இதுதான் வரும், இதுதான் பிடிக்கும்" என்று அவள் சொல்லிவிடுவாள்.

இந்தச் சமாசாரம் சபா வரைக்கும் போனது தொண்ணூற்று ஐந்தில்.

லஸ் பக்கத்தில் கானமஞ்சூஷா சபா என்று ஒன்று. அதன் காரியதரிசி வெங்கடரமணன், லைப்ரரியின் பத்து வருஷச் சந்தாதாரர். பத்திரிகை இரண்டு நாள் தாமதமாக வருகிறது என்று சண்டை போடுவதற்காக ஒருநாள் காலையில் மந்தைவெளிக்கே வந்துவிட்டார். வந்தவர் சண்டையை மறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில், வழக்கமான சிரிப்பு. தொட்டும் பார்த்தார். தொட்ட விரலை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"மாமி, எங்க பஞ்சாபகேசன் மாமாவை நீங்க போட்டுத் தருவேளா?"

பஞ்சாபகேசன் சபாவைத் தொடங்கியவர். போன வருஷம்தான் காலமானார். மகா கறார்ப் பேர்வழி. சினிமா என்ற வார்த்தையைச் சபா வளாகத்துக்குள் சொல்லக்கூடாது. அவருக்குப் போகும் பத்திரிகையில் சினிமாப் பக்கங்களைப் பின் போட்டு மூடித்தான் அனுப்ப வேண்டும் என்பது லைப்ரரிக்கு அவர் போட்ட நிபந்தனை. மூடித்தான் அனுப்பினாள் விசாலாக்ஷி. திரும்பி வரும்போது ஒவ்வொரு பின்னும் அதே ஓட்டையில் பக்குவமாகத் திரும்பக் குத்தியிருக்கும், கொஞ்சம் கோணலாக. அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அந்த மனிதரை அவளுக்கு அதனாலேயே பிடிக்கும்.

"போட்டுத் தரேன். ஆனா காகிதம்தான். காகிதம்னுதான் எழுதணும்" என்றாள்.

"பேஷா எழுதலாம்!" என்றார் வெங்கடரமணன்.

நாலு மாதம் ஆயிற்று. நாலடிக்கு மூன்றடிப் பலகை. ஒரு முகத்துக்கு எத்தனை இடுப்பு வேண்டும் என்பது ஷரஃபுதீனுக்கும் அவளுக்கும்தான் தெரியும். அடியில் ஏதாவது ஒரு பக்கத்தை முழுசாக ஒட்டி, அதன்மேல் நிறம் நிறமாக நாலைந்து அடுக்கு. நெற்றியில் மூன்று விபூதிக் கோட்டையும் இழுத்துக் கிழித்த வெள்ளை விளிம்பிலேயே கொண்டு வந்தாள். போட்டோவைப் பார்த்து ஒட்டினாலும், பத்து வருஷம் மாதாமாதம் சந்தா வாங்கப் போய் அவர் வீட்டு வாசலில் பார்த்த முகத்தை மனசில் வைத்துத்தான் முடித்தாள். வார்னிஷ் அடித்தால் மெல்லிய காகிதம் ஊறி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் முன்னால் தெரிந்துவிடும். அதனால் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து அனுப்பினாள்.

ஆவணியில் விழாவுக்கு அழைப்புப் பத்திரிகை அடித்தார்கள். ஸ்ரீரங்கன்தான் கொண்டுவந்து கொடுத்தார். 'அமரர் பஞ்சாபகேசன் அவர்களின் தைல வண்ணத் திருவுருவப் படத் திறப்பு விழா' என்று தங்க எழுத்தில் இருந்தது. விசாலாக்ஷியின் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்த அரைமணியில் அவள் சபா அலுவலகத்தில் நின்றாள்.

"தைலம் எங்கேர்ந்து வந்தது?"

"மாமி, கோவிச்சுக்காதீங்கோ. கமிட்டியில அபிப்பிராயம் வேற மாதிரி இருக்கு" என்று இழுத்தார் வெங்கடரமணன். "மத்த சபால எல்லாம் ஆயில் பெயிண்டிங் மாட்டியிருக்கா. நாம காகிதம்னு போட்டா, காசில்லாம கதியத்துப் போயிட்டோம்னு ஏளனம் பண்ண மாட்டாளா? பாக்கறதுக்கு ஆயில் மாதிரிதானே இருக்கு? யாருக்குத் தெரியப் போறது?"

"நேக்குத் தெரியும்."

"நேக்கும்தான் தெரியும். அதுக்காக ஊரைக் கூட்டிச் சொல்லணுமா என்ன?"

"சொல்லணும். காகிதம்னு சொல்லி மாட்டறதானா மாட்டுங்கோ. இல்லேன்னா எங்க ஆத்துப் படம் எங்க ஆத்துக்கே வரட்டும். ஆயில்ங்கற பேர்ல நான் செஞ்சது தொங்கறதுக்கு, அது தொங்காமலே இருக்கலாம்."

வெங்கடரமணன் கையைக் கூப்பினார். பத்திரிகை அடித்தாகிவிட்டது, திருத்த முடியாது, ஆனால் மேடையில் தன் வாயாலேயே காகிதம் என்றும் அவள் பெயரையும் சொல்லிவிடுவதாகப் பிள்ளையார் படத்தின்மேல் சத்தியம் செய்தார். விசாலாக்ஷி நம்பினாள்.

விழா அன்றைக்கு நாலரை மணிக்கே போய்விட்டாள். மேடையில் திரை போட்டு மூடியிருந்த படத்தைப் பார்க்கலாம் என்று திரையைத் தூக்கினால், கண்ணாடியைக் காணோம்.

"ஆயில் பெயிண்டிங்குக்கு எவனாவது கண்ணாடி போடுவானா மாமி? பாக்கறவாளுக்குச் சந்தேகம் வந்துடும். கழட்டி உள்ள பத்திரமா வச்சிருக்கேன்" என்றார் வெங்கடரமணன்.

"ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போச்சு!"

"யார் தண்ணி ஊத்தப் போறா? போய் உக்காருங்கோ. ஜட்ஜ் வந்தாச்சு."

தலைமை தாங்க வந்த ஓய்வு பெற்ற நீதிபதிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பஞ்சாபகேசனின் மனைவி ஜானு மாமி உட்கார்ந்திருந்தாள். வெங்கடரமணன் மைக் முன்னால் நின்று, "மந்தைவெளியைச் சேர்ந்த ஓர் ஓவியர் தைல வண்ணத்தில் தீட்டிக் கொடுத்த..." என்றார். காகிதம் வரவில்லை. பெயரும் வரவில்லை.

நாலாம் வரிசையில் விசாலாக்ஷி எழுந்துவிட்டாள். ஸ்ரீரங்கன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு விசாலம். இந்த ஹால்ல நம்ம சந்தாதாரா முப்பது பேர் இருக்கா. நாளைக்கு அவா வாசல்ல நான்தான் போய் நிக்கணும்."

உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததற்காக அவள் பின்னாளில் தன்னை மன்னித்துக்கொள்ளவே இல்லை.

திரை விலகியது. "அடடா" என்று ஹாலே சொன்னது. ஜானு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீதிபதி, பூக்காரர் தண்ணீர் தெளித்துக் கட்டிய ரோஜா மாலையைப் படத்துக்குப் போட்டார். அடுத்தது வெங்கடரமணன். வெள்ளிக் கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனம். இறந்தவர் படம் என்றால் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மயிலாப்பூரில் பிறந்த கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கை ஆயுசு முழுக்கக் கண்ணாடியின்மேல் சந்தனம் வைத்த கை. கண்ணாடி இல்லாத ஒரு படத்தை அது கண்டதே கிடையாது. கழற்றியது அவரேதான் என்பதும், அடியில் இருப்பது காகிதம் என்பதும் அந்தக் கைக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? நாலு விரல் நிறையச் சந்தனத்தை அள்ளி, பக்தியோடு, பஞ்சாபகேசனின் நெற்றியில் அப்பினார்.

"ஐயோ" என்றாள் விசாலாக்ஷி. மேடையோரத்தில் வாசித்த நாதஸ்வரச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

நீதிபதி பேச ஆரம்பித்தார். தமக்கு ஓவிய ரசனை உண்டென்றும், இந்தத் தூரிகையின் வீச்சைப் பார்த்தாலே இது ஒரு தேர்ந்த கை என்று தெரிகிறது என்றும் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெற்றி உப்பியது. ஓரத்தில் நின்ற பெடஸ்டல் ஃபேன் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பியது. விபூதிக் கோடு மூன்றும் சந்தனத்தோடு சேர்ந்து ஒரு மடலாகக் கழன்று மூக்கின்மேல் தொங்கியது. அடியில் ஒட்டியிருந்த பக்கம் வெளியே வந்தது. அது ஒரு கண் மை விளம்பரம். இமையில் நீலம் பூசிய ஒரு நடிகையின் கண், நெற்றி நடுவிலிருந்து ஹாலை நன்றாக விழித்துப் பார்த்தது.

முன்வரிசையில் யாரோ, "நெத்திக்கண்ணு திறந்துடுத்து ஓய்!" என்றார். பின்வரிசை எழுந்து நின்றது. நீதிபதி திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்போதாவது வெங்கடரமணன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதர் மைக்கைப் பிடுங்கினார். "மன்னிக்கணும், மன்னிக்கணும்! சபாவை ஏமாத்திட்டா! ஆயில் பெயிண்டிங்னு சொல்லிப் பேப்பரை ஒட்டிக் குடுத்துட்டா!"

விசாலாக்ஷிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இந்தத் தடவை ஸ்ரீரங்கன் கையைப் பிடிக்க நேரமே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு படியேறிவிட்டாள். மைக்கை அவரிடமிருந்து வாங்கவில்லை; அவர் கையில் இருந்தபடியே தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் பேர் விசாலாக்ஷி. மந்தைவெளியில லைப்ரரி வச்சிருக்கேன். இது காகிதம்தான். காகிதம்னு முதல் நாளே சொன்னேன். பத்திரிகை அடிச்சப்போ வந்து சொன்னேன். இப்போ சித்த முன்னாடிகூட, கண்ணாடி இல்லாம தண்ணி பட்டாப் போயிடும்னு சொன்னேன். ஏமாத்தினது யாருன்னு இவர் மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா?"

"என்ன காகிதம் அது?" என்று ஒரு குரல் கேட்டது.

"சினிமாப் பத்திரிகை."

"அபசாரம்! பஞ்சாபகேசன் முகத்துல சினிமாவா!"

"என்ன அபசாரம்? நிறம் எங்கே கிடைக்கறதோ அங்கேர்ந்துதான் எடுக்க முடியும். வைக்கோல்லேர்ந்தா எடுக்க முடியும்? இப்போ ரெண்டு நிமிஷம் முன்னாடி அடடான்னேளே, அப்போ அவர் முகம்தானே தெரிஞ்சுது? காகிதம்னு தெரிஞ்சதும் முகம் மாறிடுத்தா?"

வெங்கடரமணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "முதல்ல இதை இங்கேர்ந்து எடுத்துண்டு போங்கோ" என்றார்.

"நீங்க சொல்லாட்டாலும் எடுத்துண்டுதான் போவேன். இவரைக் காகிதம்னு சொல்ல வெக்கப்படற இடத்துல இவருக்கு என்ன வேலை?"

சொல்லிவிட்டாள், ஆனால் தூக்க முடியவில்லை. பலகையும் தேக்குச் சட்டமுமாகப் பாரம். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் தரையில் இடித்தது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தனியாக அதோடு மல்லுக்கட்டினாள். அப்போது ஸ்ரீரங்கன் மேடையேறினார். யாரையும் பார்க்கவில்லை. படத்திலிருந்து மாலையைக் கழற்றி நீதிபதியின் நாற்காலியில் வைத்தார். மறுபக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "உம், தூக்கு" என்றார்.

ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை. லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரைக்கும் இருவரும் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மார்க்கெட் முனையில் ஷரஃபுதீன் கடையை விட்டு இறங்கி ஓடிவந்தார்.

"இன்னா மாமி, சாமி ஊர்வலமா? அட, நெத்தில இன்னா கண்ணு கீது!"

நடந்ததை ஸ்ரீரங்கன்தான் சொன்னார். விசாலாக்ஷிக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது.

"பேப்பர்னா அவ்ளோ கேவலமா அவுங்களுக்கு?" என்றார் ஷரஃபுதீன். "வூட்டுப் பத்திரம் பேப்பர். படிச்ச பட்டம் பேப்பர். பொண்ணு ஜாதகம் பேப்பர். அதெல்லாம் பீரோல வச்சிப் பூட்டிக்கினு, இது மட்டும் ஆவாதாமா? நீ அழாத மாமி. ஒரு கை நானும் புடிக்கிறேன்."

அந்த மாதம் பதினோரு வீட்டில் பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் ஸ்ரீரங்கனைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். 'எல்லாம் உன்னாலதான்' என்று வந்து கத்தப்போகிறார் என்று விசாலாக்ஷி காத்திருந்தாள். அவர் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கூடத்தில் சாய்த்து வைத்திருந்த பஞ்சாபகேசன் முன்னால் போய் உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இந்தத் தாடை நிழல் எதுல எடுத்தே?"

"புகையிலை விளம்பரம்."

"நன்னா இருக்கு" என்றார். "போற வீடு போகட்டும் விசாலம். அவாளுக்கு 'புக்ஸ், புக்ஸ்'னு கத்தி என் தொண்டைதான் வத்திப்போச்சு."

மூன்றாவது வாரம் ஜானு மாமி வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள், வாங்கோ என்று சொல்வதற்குள் நேராகக் கூடத்துக்குள் போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். நெற்றியில் அந்தக் கண் அப்படியே இருந்தது. விசாலாக்ஷி அதைத் தொடவில்லை. தொடவும் மாட்டேன் என்றிருந்தாள்.

"அவருக்குக் கீழ் உதடு ஒரு பக்கம் கோணும். ஏதாவது திருட்டுத்தனம் பண்ணினா இன்னும் கோணும்" என்றாள் ஜானு மாமி. "ஸ்டூடியோக்காரன் போட்டோல அதை நேராக்கிட்டான். நேக்கு அந்த போட்டோவைப் பிடிக்கவே பிடிக்காது. நீ நேராக்கலை. இவர்தான் எங்காத்துக்காரர். சபா சுவர்ல வெறும் ஆணி நீட்டிண்டிருக்கு. வெங்கடரமணனை நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொண்டாளோ, மறுநாள் காலையில் வெங்கடரமணன் வாசலில் நின்றார். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு பித்தளைத் தகடு வந்தது. 'காகித ஓவியம். ஆக்கம்: விசாலாக்ஷி, மந்தைவெளி' என்று பொறித்திருந்தது.

"தப்புதான் மாமி. ஒத்துக்கறேன். கண்ணாடியும் தரேன், தகடும் அடிக்கறேன். அந்தக் கண்ணை மட்டும் மூடிடுங்கோ. நெத்தியைச் சரிபண்ணி அனுப்பிடுங்கோ, ஓசைப்படாம மாட்டிடறோம்."

விசாலாக்ஷி தகட்டை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'ஓசைப்படாம' மட்டும் பிடிக்கவில்லை.

"ஓசைப்படாமயா? ஏமாத்துக்காரின்னு சொன்னது ஓசைப்பட்டுத்தானே? முந்நூறு பேருக்கு மைக் வச்சுத்தானே சொன்னேள்? இந்த நெத்தியை நான் ஆத்துல உக்காந்து ஒட்ட மாட்டேன். உங்க மேடையில உக்காந்து ஒட்டறேன். கச்சேரி நாளா இருக்கணும், ஹால் ரொம்பியிருக்கணும். நான் யாரு, என்ன பண்றேன்னு நீங்கதான் சொல்லணும்."

"கச்சேரி மேடையில பேப்பர் ஒட்டறதா? மாமி, விளையாடறேளா?"

"அப்போ கண்ணு திறந்தே இருக்கட்டும். நேக்கு ஒண்ணும் தொந்தரவில்லை."

வெங்கடரமணன் ஸ்ரீரங்கனைப் பார்த்தார். ஸ்ரீரங்கன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "அவ சொன்னா சொன்னதுதான் சார். அதுல நான் வாயைக் குடுக்க முடியாது" என்றார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறரைக்கு ஒரு பெரிய வித்வானின் பாட்டு. ஆறு மணிக்கே இடமில்லை. விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. பத்திரிகையை நிறுத்திய பதினோரு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஷரஃபுதீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சினிமாப் பத்திரிகைக் கட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்து, பஞ்சாபகேசன் சினிமாவை உள்ளே விடாத அதே வாசல் வழியாக மேடையில் இறக்கினார். பாடகர் உட்காரும் ஜமக்காளத்தின் நட்ட நடுவில் விசாலாக்ஷி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முன்னால் படம், பக்கத்தில் பசைக் கிண்ணம். ஸ்ரீரங்கன் ஃபேனை அணைத்தார்.

வெங்கடரமணன் மைக்கைப் பிடித்தார். "இந்தப் படம்... காகிதம். இதைச் செஞ்சது மந்தைவெளி விசாலாக்ஷி. அன்னிக்கு நான் சொன்னது பொய். நெத்தி பாழானது என் கையால." விசாலாக்ஷியின் பக்கம் கையைக் காட்டினார். "இப்போ அவா அதைச் சரிபண்ணுவா."

அவ்வளவுதான் என்று மைக்கை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போகப் பார்த்தார்.

"மைக்கை எங்கே எடுத்துண்டு போறேள்?" என்றாள் விசாலாக்ஷி. "கொண்டாங்கோ இங்கே. இன்னும் கிட்ட. என் கைகிட்ட வைங்கோ."

அவர் குனிந்து, பாடுகிறவர்களுக்கு வைக்கிற சின்ன ஸ்டாண்டில் மைக்கைப் பொருத்தி, அவள் கைக்கு நேராகத் தாழ்த்தினார். விசாலாக்ஷி கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, அவசரமே இல்லாமல், நல்ல மாநிறமாக ஒரு நடிகையின் இடுப்பைத் தேடி எடுத்தாள். முன்வரிசைக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். ஜானு மாமி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு விசாலாக்ஷி அந்தக் காகிதத்தை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து, தன் பக்கம் இழுத்து, சர்ரென்று கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி கிழித்தாள்.